சாட்சி விசாரணை பாதி ஓடிய பிறகு எதிருரையைத் திருத்த மனு போட்டிருக்கிறார்கள், எதிர்க்கலாமா?

நார்க்களம் (ஆனைமலைப் பக்கம்) கேட்டது:

வணக்கமுங்க. தென்னை நார்க்கழிவில் பிளாக் போடுகிறேன். களம், கழுவுகிற தொட்டி, ரெண்டு பிரஸ், அவ்வளவுதான் நம்ம கம்பெனி. 2022 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கோயமுத்தூரில் இருக்கிற ஓர் ஏற்றுமதிக்காரருக்கு ஆறு லோடு ஐந்து கிலோ பிளாக் கொடுத்தேன். மொத்தம் 26,40,000 ரூபாய். வந்தது 9,20,000. மீதி 17,20,000க்கு நடையாய் நடந்து, வக்கீல் நோட்டீஸ் விட்டு, வழக்குக்கு முந்தின சமரசத்துக்கும் எழுதிப் போட்டேன். சமரசத்துக்கு அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2023 ஜூலையில் வணிக நீதிமன்றத்தில் பிராது போட்டோம்.

எதிருரை (பிராதுக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த பதில்) 2023 நவம்பரில் வந்தது. அதில் இருந்தது ரெண்டே விஷயம். வெளிநாட்டுப் பார்ட்டி பணம் கொடுத்தால்தான் எனக்குக் கொடுக்க வேண்டும் என்று வாய்ப்பேச்சு இருந்ததாம். கணக்கையும் நேர் பார்க்க வேண்டுமாம். சரக்கு சரியில்லை என்று ஒரு வரி கிடையாது. நாலாவது பத்தியில் ‘சரக்கு முழுவதும் பெறப்பட்டு கப்பலேற்றப்பட்டது’ என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

2024இல் எழுவினா (கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வனைந்தார்கள். வாதி சாட்சி 1 நான்தான். நிரூபண வாக்குமூலம் (என் சாட்சியம் எழுத்தில்) போட்டு, ஆவணங்களையெல்லாம் குறியீடு செய்து, குறுக்கு விசாரணையும் ஒரு நாள் நடந்துவிட்டது. அன்றைக்கு அவர்கள் வக்கீல் திடீரென்று ‘உங்கள் பிளாக்கில் ஈ.சி. அதிகம் என்பது தெரியுமா?’ என்று ஆரம்பித்தார் (ஈ.சி. என்பது உப்பு அளவைக் காட்டும் நம்பர், கீழே சொல்கிறேன்). ஜட்ஜம்மா உடனே, ‘இது எதிருரையில் எந்தப் பத்தியில் இருக்கிறது?’ என்று கேட்டார். அவர் பக்கம் புரட்டினார், புரட்டினார், வாய்தா வாங்கினார். அடுத்த வாய்தாவில், 2025 நவம்பரில், எதிருரையைத் திருத்த மனு வந்துவிட்டது.

மனுவில் என்ன சொல்கிறார்கள் என்றால்: ஈ.சி. 0.5க்குள் இருக்க வேண்டும் என்பது ஆர்டர் நிபந்தனை. வெளிநாட்டு லேப் 2022 டிசம்பரில் கொடுத்த ரிப்போர்ட்டில் 1.3 இருக்கிறது. அதனால் அந்தப் பார்ட்டி பணத்தைப் பிடித்துக்கொண்டது. எனவே என் பாக்கியில் 11,50,000 கழிய வேண்டும், அதே தொகைக்கு எதிர்க்கோரிக்கையும் (இதே வழக்கில் அவர்கள் என்னிடம் பணம் கேட்பது) வைக்கிறோம். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்றால், அப்போதிருந்த மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டாராம், ரிப்போர்ட் அவருடைய பழைய லேப்டாப்பில் இருந்து இப்போதுதான் கிடைத்ததாம்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஈ.சி. என்றால் மின் கடத்துதிறன். பித்தில் (நார்க்கழிவில்) உப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்கள். நல்ல தண்ணீரில் கழுவக் கழுவ இறங்கும். ஆனால் எடுக்கிற முறையைப் பொறுத்து நம்பரே மாறும். ஒரு பங்கு பித்துக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் ஊற்றி எடுத்தால் ஒரு நம்பர். ஐந்து பங்கு ஊற்றினால் அதே பித் கம்மியாகக் காட்டும். நான் லோடு கூடவே அனுப்பிய ரிப்போர்ட் எல்லாம் ஒன்றுக்கு ஐந்து. அவர்கள் இப்போது காட்டுவது ஒன்றுக்கு ஒன்றரை. ஆர்டரில் எந்த முறை என்றே எழுதவில்லை, வெறும் ‘0.5க்குள்’. அந்த பிளாக்கெல்லாம் எந்த நாட்டில் எந்தத் தக்காளிச் செடிக்கு அடியில் கிடக்கிறதோ, இனிமேல் எடுத்து வந்து திரும்பப் பார்க்கவா முடியும்?

என் வக்கீல், ‘காஸ்ட் (நமக்குச் செலவுத் தொகை) போட்டு அனுமதித்துவிடுவார்கள், பெரிதாக எதிர்க்க வேண்டாம்’ என்கிறார். என் மாப்பிள்ளை விடவே கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இன்னொன்று. அந்த ஆறு லோடில் ரெண்டுக்கு லாரி வாடகை நான் கட்டினேன், 62,000 ரூபாய். அவர்கள் தர வேண்டியது. பிராதில் அது வரவில்லை. அவர்கள் திருத்தலாம் என்றால் நானும் சேர்த்துக் கேட்கலாம்தானே?

---

பனியன் கம்பெனி (திருப்பூர்):

அண்ணா, உங்க வக்கீல் சொல்வதுதான் சரி என்று படுகிறது. நான் இதே மாதிரி ஒரு திருத்த மனுவை எதிர்த்து ஹைகோர்ட் வரைக்கும் போனேன். ஜெயிச்சேன், ஆனால் ரெண்டு தீபாவளி போயிடுச்சு. அதுவரைக்கும் மெயின் கேஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. காஸ்ட்டை வாங்கிக்கிட்டு, குறுக்கு விசாரணையில் அந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போடுங்க. முறை வேற வேற என்று நீங்களே அழகாகச் சொல்றீங்களே, அது போதாதா?

அப்புறம், உத்யம் பதிவு (சிறு குறு நிறுவனப் பதிவு) சரக்கு கொடுக்கிறதுக்கு முன்னாடியே இருந்துச்சா? இருந்தால், சரக்கு இறங்கின 15 நாளைக்குள் எழுத்தில் ஆட்சேபணை சொல்லலைன்னா ஏத்துக்கிட்டதாகத்தான் கணக்கு. சிறு குறு நிறுவனச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கு. பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டியும் உண்டு.

---

கோபி வக்கீலம்மா:

திருப்பூர் தம்பி சொல்வதில் அனுபவம் இருக்கிறது. ஆனால் அவர் வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தது என்று சொல்லவில்லை. இந்த மாதிரி மனுவில் முக்கால்வாசி முடிவு அதில்தான் இருக்கிறது.

திருத்தத்துக்கான விதி, சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 6 ரூல் 17, ரெண்டு பாதி. முதல் பாதி தாராளம்: உண்மையான தகராறைத் தீர்க்கத் தேவையானால் எந்தக் கட்டத்திலும் திருத்தலாம். 2002இல் இரண்டாவது பாதியைச் சேர்த்தார்கள்: விசாரணை ஆரம்பித்த பிறகு, ‘உரிய அக்கறையோடு இருந்தும் முன்னாடியே எழுப்ப முடியவில்லை’ என்று கோர்ட் திருப்தி அடைந்தால் ஒழிய அனுமதிக்கக் கூடாது. விசாரணை எப்போது ஆரம்பம் என்பதில் முன்பு இழுபறி இருந்தது. 2008 டிசம்பரில் வித்யாபாய் எதிர் பத்மலதா வழக்கில், சாட்சியின் முதல் விசாரணைக்குப் பதிலாக நிரூபண வாக்குமூலம் தாக்கலானாலே ஆரம்பம்தான் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த இரண்டாவது பாதியைத் தாண்டாமல் திருத்தத்தை அனுமதிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்றும் சொன்னது. உங்களுடையது குறுக்கு விசாரணையே நடந்த வழக்கு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் கோட்டைத் தாண்டியாயிற்று.

இங்கேதான் ரொம்பப் பேர் சறுக்குகிறார்கள். ஆட்சேபணை எழுதச் சொன்னால், ‘எங்கள் பித் நல்ல பித், முறை தப்பு, ரிப்போர்ட் பொய்’ என்று பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். தம்பி, நீங்களும் கேள்வியில் பாதியை அதற்குத்தான் செலவழித்திருக்கிறீர்கள். திருத்த மனுவில் கோர்ட் அவர்கள் சொல்வது உண்மையா என்று பார்க்காது. அதை நீங்கள் எவ்வளவுக்கு எவ்வளவு வாதாடுகிறீர்களோ, அவ்வளவுக்கு ‘பார்த்தீர்களா, விசாரிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது’ என்று அவர்கள் பக்கம் பலம் சேரும். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இதை 2023 நவம்பரில் ஏன் சொல்லவில்லை? ரிப்போர்ட் 2022 டிசம்பர். வக்கீல் நோட்டீஸ் வந்தபோது கையில் இருந்தது, எதிருரை எழுதும்போது கையில் இருந்தது. பணத்தைப் பிடித்துக்கொண்ட வெளிநாட்டுப் பார்ட்டி காரணம் சொல்லாமலா பிடித்திருப்பான்? மேனேஜர் லேப்டாப்போடு போயிருக்கட்டும், பேங்கில் பணம் குறைந்து வந்தது முதலாளிக்குத் தெரியாதா?

இனி அவர்கள் தூக்கிக்கொண்டு வரப் போகும் தீர்ப்பு. 2022இல் எல்.ஐ.சி. எதிர் சஞ்சீவ் பில்டர்ஸ். 1979 ஒப்பந்தம், 1986 வழக்கு. நஷ்ட ஈட்டை 1 கோடியே 1 லட்சத்திலிருந்து 400 கோடியே 1 லட்சமாக உயர்த்த 2017இல் மனு. சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. ‘31 வருஷம் கழித்தே கொடுத்தார்கள், எங்களுக்குக் கொடுக்க மாட்டீர்களா’ என்பார்கள். அது 2002க்கு முன்னால் தாக்கலான பிராது, புதிய நிபந்தனை பழைய பிராதுகளுக்குப் பொருந்தாது. அதோடு அங்கே நஷ்ட ஈடு முதலிலிருந்தே கேட்கப்பட்டிருந்தது, தொகைதான் மாறியது. உங்கள் வழக்கில் முளைப்பது புதுக் கதை.

எதிருரைத் திருத்தத்தைப் பிராதுத் திருத்தத்தைவிடத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றும் சொல்வார்கள். அது உண்மைதான், 2007இல் உஷா பாலாசாஹேப் வழக்கில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஒத்துக்கொண்டதைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி திருத்தம் கூடாது என்று 1976இலேயே மோடி ஸ்பின்னிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அவர்களுடைய நாலாவது பத்தியை இதோடு சேர்த்துப் படியுங்கள். ‘பெற்றோம், கப்பலேற்றினோம்’ என்பது மட்டும் தரத்தை ஒத்துக்கொண்டதாக ஆகாது, அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 42படி, வாங்கியவர் அதை வேறொருவருக்கு விற்று அனுப்பிவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு சரக்கைத் திருப்ப முடியாது. ஆனால் பிரிவு 59படி விலையில் கழிவு கேட்கலாம்.

ஆகவே மனுவை ரெண்டாகப் பிரித்துப் பாருங்கள். எதிர்க்கோரிக்கை சுலபமாக விழும். அசோக் குமார் கால்ரா வழக்கில், 2019, எழுவினா வனைந்த பிறகு எதிர்க்கோரிக்கை கூடாது என்று சொல்லியாயிற்று. காலவரையறையும் முடிந்தது. கடைசி லோடு 2022 செப்டம்பர், ஒப்பந்த மீறலுக்கு மூன்று வருஷம், 2025 செப்டம்பரோடு சரி. எதிர்க்கோரிக்கைக்குத் தேதி என்பது அதைக் கோர்ட்டில் வைத்த தேதி. அவர்கள் வந்தது நவம்பர். ‘அப்படியானால் இதை ஈடு கழித்தல் (கொடுக்க வேண்டியதில் வர வேண்டியதைக் கழிப்பது) என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு உங்கள் வழக்குத் தேதிதான் தேதி’ என்று திருப்புவார்கள். ஆர்டர் 8 ரூல் 6 நிச்சயமான தொகைக்கு மட்டும். நிரூபிக்கப்படாத நஷ்ட ஈடு நிச்சயமான தொகை ஆகாது.

கஷ்டமான பாதி, விலையில் கழிவு என்கிற தற்காப்பு. அதற்குக் காலவரையறை கிடையாது. ‘எதிர்க்கோரிக்கை வேண்டாம், தற்காப்பை மட்டும் அனுமதிக்கிறேன்’ என்று கோர்ட் நடுவில் முடிக்கப் பார்க்கும். உங்கள் வக்கீல் பயப்படுவதும் அதற்குத்தான் என்று நினைக்கிறேன். அங்கே உங்களுக்கு ரெண்டு கம்பு இருக்கிறது. ஒன்று, சரக்கு தீர்ந்துவிட்டது, மாதிரி இல்லை, மறுபரிசோதனைக்கு வழியே இல்லை. இந்தப் பாதிப்பு காஸ்ட் கொடுத்து ஈடு செய்யக்கூடியது அல்ல. 2023இல் சொல்லியிருந்தால் நீங்கள் அந்த லேபுக்கு எழுதி மிச்ச மாதிரியைக் கேட்டிருக்கலாம். இன்னொன்று, வணிக வழக்குகளுக்கான ஆர்டர் 11. பிரதிவாதி தன்னிடம் இருக்கும் ஆவணம் எல்லாவற்றையும் எதிருரையோடு போட வேண்டும். போடாததை நம்பிப் பின்னால் வர வேண்டுமென்றால் நியாயமான காரணம் காட்டித் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக்கு மனு போட்டிருக்கிறார்களா? பெரும்பாலும் மறந்திருப்பார்கள். ரிப்போர்ட் இல்லாமல் அந்தப் பத்தி உள்ளே வந்து என்ன செய்யப் போகிறது?

ஒரு கேள்வி. எதிருரையின் கடைசியில் சத்திய உறுதிமொழி இருக்கும், வணிக வழக்குக்கு அது கட்டாயம். அதில் யார் கையெழுத்து?

---

நார்க்களம்:

அக்கா, நீங்கள் கேட்டதும் கேஸ் கட்டை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டிருப்பவர் அந்த மேனேஜரேதான்! ‘அதிகாரம் பெற்ற கையொப்பதாரர்’ என்று முத்திரையோடு. இப்போதைய மனுவின் அஃபிடவிட்டில் அவர் 2024 பிப்ரவரியில் வேலையை விட்டதாக எழுதியிருக்கிறார்கள். ஆக எதிருரை போட்ட அன்றைக்கு ரிப்போர்ட்டை வைத்திருந்த ஆளே கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னிடம் உள்ள ஆவணம் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன் என்று அதே உறுதிமொழியில் சொல்லவும் சொல்லியிருக்கிறார்.

ஆர்டர் 11 அனுமதி மனு எதுவும் எனக்கு வரவில்லை. உத்யம் பதிவு எனக்கு 2021இலேயே இருக்கிறது.

---

கோபி வக்கீலம்மா:

அப்படியானால் ஆட்சேபணை ரெண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் பத்தியிலேயே மூன்று தேதியை வரிசையாகப் போடச் சொல்லுங்கள்: ரிப்போர்ட் 2022 டிசம்பர், எதிருரை 2023 நவம்பர், மேனேஜர் போனது 2024 பிப்ரவரி. மூன்றுமே அவர்கள் வாயிலிருந்து வந்தவை, நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஈ.சி. முறை பற்றி ஒரே வரி: ‘தரம் பற்றிய கூற்றுகள் மறுக்கப்படுகின்றன, இம்மனுவுக்கு அவை தேவையற்றவை.’

உத்யம், 15 நாள் விஷயம் நல்ல ஆயுதம். ஆனால் அந்தக் கூட்டு வட்டியைப் பிராதில் கேட்டிருக்கிறீர்களா? கேட்கவில்லையென்றால் இப்போது கேட்க நீங்களும் ஒரு திருத்த மனு போட வேண்டியிருக்கும். லாரி வாடகையும் அதே கதிதான். பிராதைத் திருத்தினால் பொதுவாக அது வழக்குத் தேதிக்கே பின்னோக்கிப் போகும். ஆனாலும் மனுத் தேதியிலிருந்துதான் செல்லும் என்று கோர்ட் நிபந்தனை போடலாம். சம்பத்குமார் எதிர் அய்யாக்கண்ணு, 2002, அதில் அப்படித்தான் செய்தார்கள். அப்படிப் போட்டால் உங்கள் 62,000க்கும் 2025 செப்டம்பரோடு காலம் முடிந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம், ‘விசாரணை ஆரம்பித்த பிறகு திருத்தம் கூடாது’ என்று காலையில் வாதாடிவிட்டு, மத்தியானம் ‘எனக்கு மட்டும் கொடுங்கள்’ என்று நிற்பது. வாடகை பில் 2022இலேயே உங்கள் கையில் இருந்ததுதானே? உங்கள் கேள்வியே உங்கள் மேல் திரும்பும். 17,20,000க்காக 62,000ஐ விடுங்கள்.

---

பழைய சிரஸ்தார் (தாராபுரம்):

அம்மா சட்டம் சொல்லிவிட்டார்கள், நான் கோர்ட் ஹால் சங்கதி சொல்கிறேன்.

திருத்த மனுவைக் காரணம் காட்டிக் குறுக்கு விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்பார்கள். ‘மனுவை முதலில் கேட்டு உத்தரவு போடுங்கள், வழக்கை இழுக்க வேண்டாம்’ என்று உங்கள் வக்கீல் எழுந்து சொல்ல வேண்டும். வணிக வழக்கில் வழக்கு மேலாண்மைத் தேதிகள் போட்டிருப்பார்கள், அந்த உத்தரவின் நகலைக் கையில் வையுங்கள். அதில் எந்தத் தேதி தாண்டிப் போகிறது என்று காட்டினால் ஜட்ஜுக்கே வேகம் வரும்.

மனு முடியும் முன்னால் நீங்கள் கூண்டில் ஏறினால், ஈ.சி. பற்றிய கேள்விக்கு வாயைத் திறக்குமுன் உங்கள் வக்கீல் ஆட்சேபணை பதிவு செய்யட்டும். நீங்களாகவே ‘ஒன்றுக்கு ஒன்றரை, ஒன்றுக்கு ஐந்து’ என்று பாடம் எடுக்க ஆரம்பித்தால், அப்புறம் ‘ரெண்டு தரப்புக்கும் தெரிந்த விஷயம்தானே’ என்பார்கள். உங்களுக்கு அந்த ஆசை இருக்கிறது என்பது கேள்வியைப் படித்தாலே தெரிகிறது!

ஒருவேளை அனுமதித்துவிட்டால், உத்தரவிலேயே மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: காஸ்ட், நீங்கள் மறுப்புரை போட அவகாசம், கூடுதல் நிரூபண வாக்குமூலத்துக்கு அனுமதி. எதிர்க்கோரிக்கையையும் விட்டுவிட்டார்கள் என்றால், அதற்கு அவர்கள் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். நம் மாநிலத்தில் 3 சதவீதம், 11,50,000க்கு 34,500 ரூபாய். கட்டினார்களா என்று பாருங்கள். திருத்திய எதிருரையைச் சொன்ன கெடுவுக்குள் போட வேண்டும், கெடு சொல்லாவிட்டால் 14 நாள். கோட்டைவிட்டு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 15ஆம் நாள் உங்கள் வக்கீலை பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்கச் சொல்லுங்கள்.

---

பனியன் கம்பெனி (திருப்பூர்):

என்னுடையதில் எழுவினாவே வனையலைங்க அம்மா. அதனால்தான் அந்த இழுபறி போல. நார்க்களம் அண்ணா, நான் சொன்னதை விட்டுடுங்க, எதிருங்க.

ஒரு சந்தேகம். மனுவை அனுமதிச்சுட்டா மேலே போக வழி உண்டா?

---

கோபி வக்கீலம்மா:

வணிக நீதிமன்றச் சட்டம் பிரிவு 8, இடைக்கால உத்தரவுக்குச் சீராய்வு மனு கிடையாது என்கிறது. திருத்த மனு உத்தரவு அப்பீல் போகக்கூடிய பட்டியலிலும் இல்லை. மிச்சம் அரசியல் சட்டம் 227, கீழ்க்கோர்ட்டுகளை ஹைகோர்ட் மேற்பார்வை பார்க்கிற அதிகாரம். அது ஹைகோர்ட் எப்போதாவதுதான் திறக்கிற கதவு, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். இங்கேயே, இந்த மனுவிலேயே ஒழுங்காக எதிர்ப்பதுதான் வழி. அனுமதி கொடுத்துவிட்டால் பிற்பாடு தீர்ப்பின் மேல் அப்பீல் போகும்போது இதையும் ஓர் ஆட்சேபணையாகச் சேர்க்கலாம்.

---

நார்க்களம்:

எல்லோருக்கும் நன்றிங்க. வாடகையை விட்டாயிற்று. மாப்பிள்ளைக்குத்தான் மனசே ஆறவில்லை. வக்கீலிடம் மூன்று தேதியையும் கையெழுத்துப் பக்கத்தின் நகலையும் கொடுத்தேன், அவரும் எதிர்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன் அக்கா. அந்த மேனேஜர் இப்போது பெருந்துறைப் பக்கம் வேறு கம்பெனியில் இருக்கிறார். பேசினால் வருவார் போலிருக்கிறது. ரிப்போர்ட் அப்போதே ஆபீசில் எல்லோருக்கும் தெரியும் என்று அவரையே சாட்சி சொல்ல வைக்கலாமா?

---

கோபி வக்கீலம்மா:

வேண்டவே வேண்டாம். நீங்கள் அழைத்தால் அவர் உங்கள் சாட்சி. ரிப்போர்ட் இருந்தது என்று அவர் சொல்லும் அதே வாயால், பிளாக்கில் உப்பு அதிகம் இருந்தது என்றும் சொல்வார். மனுவை எதிர்ப்பதற்கு அவருடைய கையெழுத்து போதும். அவரோடு போனில்கூடப் பேசாதீர்கள்.